மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்ன கிளினிக்

எங்களுடையது சின்ன ஊர். குடும்ப மருத்துவம் பார்க்கிற கிளினிக் என்று இருப்பதே இது ஒன்றுதான், அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் முகம் மாறாமல் வாங்கிக்கொள்ளும் இடமும் இது ஒன்றுதான். இரண்டரை வருடமாக அப்பா, அம்மா, நான், தங்கையின் மகன் என்று நான்கு பேரும் இங்கேதான் காட்டுகிறோம். யாராவது கேட்டால் "நல்லா பார்ப்பாங்க, போங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "அட்டைக்குப் பார்க்கிற இடம்னா ரெண்டு நிமிஷத்துல எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்களே, அங்க போய் என்ன ஆகப்போகுது" என்று கேட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்ததுதான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன், குறைகளையும் சேர்த்து.

அப்பாவுக்கு 68 வயது, சுகர் பதினைந்து வருடமாக, பிரஷர் அதற்கும் முன்பிருந்தே. இங்கே வருவதற்கு முன் வேறொரு பெரிய இடத்தில் காட்டிக்கொண்டிருந்தோம், பெயர் வேண்டாம். அட்டைக்காரர்களுக்குத் தனி வரிசை, ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், உள்ளே போனால் பழைய சீட்டைப் பார்த்து அதையே மறுபடி எழுதுவார்கள். புதிதாக எதையாவது சொன்னால் அதற்கு ஒரு மாத்திரை கூடும். கால் வீங்குகிறது என்றோம், ஒன்று கூடியது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றோம், இன்னொன்று கூடியது. கூட்டினார்களே தவிர, நான்கு வருடத்தில் ஒரு மாத்திரையைக்கூட யாரும் குறைத்துப் பார்த்ததில்லை.

இந்த கிளினிக்கில் முதல் நாளுக்கு நேரம் வாங்கப் போன் செய்தபோதே வரவேற்பில் இருந்த அம்மா, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க, சீட்டு மட்டும் போதாது, நிறுத்திவிட்ட மாத்திரை, கடையில் நீங்களாக வாங்கின மாத்திரை, தைலம், லேகியம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லியிருந்தார்கள். கொண்டு போனோம். டாக்டர் அந்தப் பையை வாங்கி மேசையில் அப்படியே கொட்டினார். ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரை மட்டும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். "இதை எப்போ போடுவீங்க ஐயா? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? மறந்து போறது உண்டா?" என்று அப்பாவிடமே கேட்டார், என்னிடம் அல்ல. அப்பா முதலில் தயங்கினார், அப்புறம் ராத்திரி மாத்திரையை வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவதையும் சொன்னார். எனக்கே அன்றுதான் அது தெரியும்.

பத்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. ஒரு மாத்திரை ஆம்லோடிபின் என்கிற பிரஷர் மருந்து, 5 மில்லிகிராம். இன்னொன்று வேறு பெயரில், வேறு நிற அட்டையில் இருந்தது, அதற்குள் டெல்மிசார்டன் என்கிற இன்னொரு பிரஷர் மருந்தும் ஆம்லோடிபினும் சேர்ந்திருந்தன, அதிலும் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். ஆக அப்பா தினமும் 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார், அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஆம்லோடிபின் அளவு கூடக்கூட கணுக்காலில் வீக்கம் வருவது சாதாரணமாக நடப்பது என்று டாக்டர் சொன்னார். அந்த மருந்து சின்ன தமனிகளை விரிக்கிறது, ஆனால் இரத்தத்தைத் திரும்பக் கொண்டு போகிற பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை, அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. அந்த வீக்கத்துக்குத்தான் முந்தைய இடத்தில் நீர் பிரியும் மாத்திரை, ஃப்யூரோசமைட், கொடுத்திருந்தார்கள். இந்த வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது, ஆனால் ராத்திரி மூன்று தடவை எழுந்து போக வைத்தது. எழுந்தால் தலைசுற்றல். தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை. மருந்தால் வந்த தொல்லையைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து, அது கொண்டுவந்த தொல்லைக்கு மற்றொன்று. டாக்டர் அந்தத் தாளிலேயே ஒரு மாத்திரையிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. படுக்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் கழித்து ஒன்று, மூன்று நிமிடம் கழித்து ஒன்று. நின்றதும் 24 இறங்கியது. 20 இறங்கினாலே கவனிக்க வேண்டியது என்றார். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் பார்க்கச் சொல்லிவிட்டு, தனி ஆம்லோடிபினை எடுத்தார், ஒரு வாரம் கழித்து நீர் மாத்திரையை எடுத்தார், அடுத்து தலைசுற்றல் மாத்திரையை. ஒவ்வொன்றுக்கும் இடையில் நர்ஸ் போன் செய்து வீட்டில் பார்த்த பிரஷர் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அப்பா தன் பழைய செருப்பை எடுத்து மாட்டினார், வார் சரியாகப் பொருந்தியது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், எங்களுக்கும் அவர் ஒவ்வொன்றாகத்தான், பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார்.)

பிரஷர் பார்க்கிற விதத்தையே சொல்ல வேண்டும். வேறு இடங்களில் அவசரமாக நடந்து வந்து உட்கார்ந்த உடனே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே பார்ப்பார்கள். இங்கே நர்ஸ் முதலில் ஐந்து நிமிடம் உட்கார வைக்கிறார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடக் கூடாது, கை மேசை மீது இதயத்தின் உயரத்தில், பட்டை வெறும் தோல் மீது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் போய்விட்டு வரச் சொல்வார். பார்க்கும்போது பேசினால் "இருங்க ஐயா, அப்புறம் சொல்லுங்க" என்று அன்பாக நிறுத்துவார். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பார்ப்பார். முதல் நாள் வாசலில் இருந்து நேராக வந்தபோது 164 காட்டியது, ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் 146. அந்த 18 வித்தியாசத்தில் ஒரு மாத்திரை கூடியிருக்கும், முந்தைய இடமாக இருந்தால். என் கைக்கு அந்தச் சாதாரணப் பட்டை சின்னது, இறுக்கமாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லிப் பெரிய பட்டையை எடுத்து மாற்றினார். எனக்கு அதுவரை எல்லா இடத்திலும் பிரஷர் கூட என்றே சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் கால் பரிசோதனை. பதினைந்து வருட சுகரில் அப்பாவின் சாக்ஸைக் கழற்றச் சொன்ன முதல் டாக்டர் இவர்தான், இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் என்றார், அதை அப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரியும்போது "ம்" சொல்லச் சொன்னார். குதிகாலில் சொன்னார், நடுப் பாதத்தில் சொன்னார். கட்டைவிரலுக்கு அடியில் இழை வளைந்து நிற்கிறது, அப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். கால் எரிச்சல், மதமதப்பு என்று அவர் சொன்னபோதெல்லாம் வயசானால் இருக்கும் என்று விட்டது நாங்கள்தான்.

சுகரால் நரம்பு கெட்டிருக்கலாம் என்று அதோடு விடவில்லை. மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைப் பல வருடம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறையும், அந்தக் குறையும் இதே மாதிரி மதமதப்பைக் கொண்டுவரும், சுகர் என்று நினைத்து அதை விட்டுவிடுவது நடக்கும் என்று சொல்லி அந்த டெஸ்டையும் எழுதினார். குறைவாகத்தான் இருந்தது. பி12 கொடுத்து ஆறேழு மாதத்தில் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கட்டைவிரல் உணர்ச்சி திரும்பவில்லை, அது திரும்பாமலே போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற பழக்கம் அப்பாவுக்கு இப்போது வந்துவிட்டது.

மூன்று மாத சுகர் டெஸ்ட் ஏன் மூன்று மாதம் என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டோம். இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டியிருக்கிற சர்க்கரையைத்தான் பார்க்கிறார்கள், அதனால் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டினால் ஒன்றும் ஆகாது. அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சரி, அட்டை விஷயத்துக்கு வருகிறேன், பலருக்கும் அதுதான் கேள்வி. அரசுக் காப்பீடு ஒரு நோயாளிக்காக கிளினிக்குக்குக் கொடுக்கிற தொகை பல இடங்களில் தனியார் காப்பீடு கொடுப்பதைவிடக் குறைவு, பணம் வர நாளாகும், தாள் வேலை அதிகம். அதனால்தான் பல கிளினிக்குகள் "அந்த அட்டை எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிடுகின்றன, அல்லது இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்துக்கொள்கின்றன. அட்டை கையில் இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. சின்ன ஊரில் அந்த ஒரு கதவும் மூடினால் அடுத்தது பேருந்து ஏறிப் போகிற தூரத்தில்தான். இந்த கிளினிக்கில் அட்டைக்கென்று தனி வரிசை இல்லை, தனி நேரம் இல்லை, உள்ளே டாக்டர் மேசையில் இருக்கிற ஃபைலைப் பார்த்தால் யார் அட்டை, யார் கைக்காசு என்றே தெரியாது. எனக்கு இது பெரிய விஷயம். அப்பா முன்பெல்லாம் அட்டையை எடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

போன வருடம் கண்ணுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும் என்று எடுத்தார்கள், பார்வை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படத்தில் சின்னச் சின்ன இரத்தக் கசிவுகள் இருந்தன. விழித்திரை நிபுணரிடம் போக காப்பீட்டின் முன் அனுமதி வேண்டும். அனுப்பினார்கள், திருப்பிவிட்டார்கள். காரணம் படிவத்தில் இருந்த நோய்க் குறியீடு. இரண்டாம் வகை சுகருக்கு E11 என்பது குறியீடு, அதற்குப் பின்னால் புள்ளி 9 இருந்தால் சிக்கல் எதுவும் இல்லை என்று அர்த்தம், புள்ளி 3 இருந்தால் கண்ணில் சிக்கல் என்று அர்த்தம். பழைய ஃபைலில் இருந்த 9 அப்படியே போய்விட்டது. சிக்கல் இல்லாதவருக்கு நிபுணர் எதற்கு என்று அவர்கள் திருப்பியதில் தப்பு சொல்ல முடியாது, தப்பு கிளினிக்கின் பக்கம்தான், அதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். வரவேற்பில் இருக்கிற அம்மா அன்று சாயங்காலமே குறியீட்டைத் திருத்தி, படத்தையும் இணைத்து, மறுபடி அனுப்பி, அனுமதி வரும்வரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை அவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களை ஒரு அலுவலகத்துக்கும் அலைய விடவில்லை. மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை என்பதும் உண்மை, ஆனால் லேசர் சரியான நேரத்தில் முடிந்து அப்பா இன்றும் செய்தித்தாளைத் தானே படிக்கிறார்.

இன்னொரு நல்ல பழக்கம், மருந்து எழுதும்போதே அது காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதுகிறார். மருந்துக் கடைக்குப் போய் "இது கவராகாது" என்று கேட்டுத் திரும்பி வருகிற வேலை எங்களுக்கு இதுவரை இரண்டு தடவைதான் வந்தது.

தங்கையின் மகனுக்கு மூன்று வயது. போன மழைக்காலத்தில் சளி, இருமல், காய்ச்சல், இரண்டாம் நாள். தங்கை ஆன்டிபயாடிக் கேட்டாள், அவள் பயம் அவளுக்கு. டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு இது வைரஸ், ஆன்டிபயாடிக்கால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, வயிற்றுப்போக்குதான் மிச்சமாகும் என்றார். வெறுமனே அனுப்பியிருந்தால் நாங்கள் வேறு இடம் போய் வாங்கியிருப்போம். ஆனால் நர்ஸ் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, குழந்தையின் சட்டையைத் தூக்கி, மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தார். குழந்தை அழாமல் இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம், வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே கொண்டு வர வேண்டும், ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை, இரண்டு மாதம் தாண்டியது என்றால் 50. எண்ணினாள், 32. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போகச் சொன்னார். அன்று ராத்திரி தங்கை நான்கு தடவை எண்ணினாள், பயந்து ஓடாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் பையன் ஓடி விளையாடினான்.

ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர் என்பதால் கிடைக்கிற நன்மை இருக்கிறதே, அது போகப் போகத்தான் தெரியும். நார்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 15 வருடத்துக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் போகிறவர்களுக்கு, ஒரு வருடம் மட்டுமே போனவர்களோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் அவசரமாகச் சேர்வதும் இறப்பும் 25 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. எண் பெரியதாகத் தோன்றலாம், ஆனால் எங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தபின் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அம்மா அப்பாவுக்குத் துணையாகத்தான் போயிருந்தார்கள், தனக்காகப் போகவே இல்லை. டாக்டர் அப்பாவைப் பார்த்து முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "போன தடவை வந்தப்போ நிறைய பேசினீங்க, இன்னைக்கு ஒண்ணுமே பேசலையே" என்றார். அப்புறம் இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரமாக எதைச் செய்தாலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா. அம்மா அழுதுவிட்டார்கள். பாட்டி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, வீட்டில் எங்கள் கண் முன்னாலேயே இருந்தார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. முன்பு எப்படி இருந்தார்கள் என்று தெரிந்த ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

குறைகளையும் சொல்கிறேன். காத்திருப்பு அதிகம். பத்து மணிக்கு நேரம் கொடுத்தால் பதினொன்றரை ஆகிவிடும், திங்கட்கிழமை என்றால் இன்னும் மோசம். ஒருவருக்கு இருபது நிமிடம் பார்த்தால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் சுகர்க்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பது சரியில்லை, இரத்தம் எடுக்கிறவர்களை மட்டுமாவது முதலில் கூப்பிடலாம், இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன். போன் காலையில் எட்டு முதல் ஒன்பது வரை கிடைக்கவே கிடைக்காது, ஒரே லைன். ரிப்போர்ட் மோசமாக இருந்தால் அவர்களே கூப்பிடுகிறார்கள், நன்றாக இருந்தால் கூப்பிடுவதில்லை, நாம் நான்கு நாள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடல். டாக்டர் விடுப்பில் இருக்கும்போது வருகிற இளம் டாக்டர் கவனமாகத்தான் பார்க்கிறார், ஆனால் ஃபைலைப் படிக்காமல் ஒரு தடவை அப்பாவிடம் எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டார், அப்பாவுக்குப் பழைய இடத்து நினைவு வந்து அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. அதைச் சொன்னபின் அடுத்த தடவை படித்துவிட்டே கூப்பிட்டார்.

முதல் தடவை போகிறவர்கள் அரை மணி முன்பே போய்விடுங்கள், அட்டை சரிபார்க்க நேரம் எடுக்கிறது, அட்டையில் இருக்கிற பெயரும் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் காப்பீட்டில் திருப்பிவிடுகிறார்கள். காப்பீட்டில் உங்களுக்கு முதன்மை மருத்துவர் என்று வேறு யாரையாவது போட்டிருந்தால் அதை மாற்றும் படிவத்தை வரவேற்பிலேயே கொடுப்பார்கள், மாறும்வரை சில சமயம் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் உடம்புக்கு முடியாமல் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். மாத்திரை எல்லாம் ஒரு பையில், மாத்திரை அட்டையோடு, வெட்டி எடுக்காமல், பெயர் தெரிகிற மாதிரி. கழற்ற எளிதான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், காலைப் பார்ப்பார்கள். முன்வாசலில் மூன்று படி இருக்கிறது, நடக்க முடியாதவர்களைக் கூட்டிப் போனால் பக்கவாட்டில் சரிவுப் பாதை உண்டு, அந்தக் கதவு உள்ளே இருந்து பூட்டியிருக்கும், மணியை அழுத்தினால் நர்ஸே வந்து திறந்து கையைப் பிடித்துக்கொள்வார்.